கூத்து வாத்தியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹைஸ்கூலின் ஆண்டு விழாவுக்கு நாம் போயிருந்தோம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் வேறு எந்த ஹைஸ்கூலுக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய அதே காட்சியைத்தான் கண்டிருப்போம். நிகழ்ச்சி நிரலில் கட்டபொம்மன் நாடகம் என்று அச்சிட்டிருந்தது. அட்டையை வெட்டி ஜிகினா ஒட்டிய கிரீடத்துடன் ஒரு சிறுவன் மேடையேறினான். அவன் வாயை அசைத்தான். சப்தமோ ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. சினிமாவில் பேசிய நடிகரின் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பையன் உதட்டையும் கையையும் அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாதியில் பதிவு நின்றுவிட்டது. பையனும் நின்றுவிட்டான். தன் சொந்தக் குரலில் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை; சொல்லலாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவுமில்லை. கூட்டம் சிரித்தது.

அந்த நாடகத்தைத் தயார் செய்த தமிழாசிரியரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. விழாவுக்கு மூன்று வாரத்திற்கு முன் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, நாடகம் உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாராம். தமிழ் தெரிந்தவருக்கு நாடகமும் தெரிந்திருக்கும் என்பது நமது கல்வி இலாகாவின் நெடுநாளைய நம்பிக்கை.

நம் கண்ணை உறுத்தியது வேறொன்று. பந்தலின் கடைசியில், மூங்கிற்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் நின்றிருந்தார். பேரனைப் பார்க்க வந்தவர். விசாரித்ததில், அவர் அப்பக்கத்துக் கூத்து வாத்தியார் என்று தெரிந்தது. நாற்பது வருஷ காலம் இரவு பத்து மணிக்குக் கட்டை கட்டி ஏறி, கிழக்கு வெளுக்கும் வரையில், மைக்கு இல்லாத நாளிலும் ஊர்க்கோடியில் இருப்பவன் காதில் விழும்படி துரியோதனனாகவும் கர்ணனாகவும் நின்று பேசியவர். அவர் வசிக்கும் தெருவிலிருந்து அந்தப் பள்ளி நான்கு நிமிஷ நடை. அந்தப் பள்ளியில் நாடகத்திற்கு ஆள் தெரியாமல் திண்டாடினார்கள். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி கூடப் போடவில்லை.

ஹைஸ்கூல்களில் நாடகம் கற்பிக்க வேண்டும். அதை நாடகம் தெரிந்தவர்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும். அவர்களை ஆண்டுக்கு ஒரு நாள் சால்வை போர்த்தி அனுப்பிவிடும் விருந்தாளியாக அல்லாமல், வாரந்தோறும் வகுப்பறைக்குள் நுழையும் உபாத்தியாயராக அழைக்க வேண்டும். நாம் சொல்ல வந்த விஷயம் இவ்வளவே. இதில் புதுமை ஒன்றும் இல்லையே என்று அன்பர்கள் நினைக்கலாம். அப்படியானால் இன்னும் ஏன் நடக்கவில்லை என்று கேட்கவேண்டியிருக்கிறது.

மேடை ஏறினால் நாம் முத்தமிழ் என்கிறோம். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது ஒரு தமிழ்தான். இசைக்கு எங்கோ சில பள்ளிகளில் ஒரு மணி நேரம் உண்டு. நாடகத்திற்கு அதுவும் கிடையாது. 1891-இல் சுந்தரம் பிள்ளை 'மனோன்மணீய'த்தை வெளியிட்டார். அது நடிப்பதற்கென்றல்லாமல் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம். அதைப் பாடமாக வைத்தோம். பொழிப்புரை எழுதச் சொன்னோம். பாத்திரப் பண்பை ஐந்து மதிப்பெண்ணுக்கு விளக்கச் சொன்னோம். தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் நாடகம் என்பது படித்து எழுதவேண்டிய ஒரு வகைச் செய்யுள் என்று எண்ணிக்கொண்டே வெளியேறியிருக்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு மட்டையைக் கண்ணில் காட்டாதிருப்பது போன்றது இது.

நாடகமும் படிப்பும் நம் நாட்டில் எப்படிப் பிரிந்துபோயின என்பது விசித்திரமான கதை. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதில் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு ஆறு வயது. பிற்காலத்தில் தமிழ் மேடையையும் திரையையும் ஆண்டவர்களில் எத்தனையோ பேர் இப்படிப் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அங்கே கற்பித்தவரை 'வாத்தியார்' என்றே அழைத்தார்கள். உச்சரிப்பு, பாட்டு, மனப்பாடம், நிற்கும் விதம், நடக்கும் விதம் எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொடுத்தார். அடியும் கொடுத்தார். அக்கம்பெனிகளை நாம் பொன்னுலகமாகச் சித்திரிக்க விரும்பவில்லை. தாயை விட்டுப் பிரிந்த குழந்தைகள், ஊர் ஊராக ரயிலில் ஏற்றப்பட்டு, இரவில் உழைத்துப் பகலில் உறங்கினார்கள். தமிழ் உச்சரிப்பில் பண்டிதர்களுக்குப் பாடம் சொல்லக்கூடியவர்களாக அவர்கள் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலை அவர்களில் பலர் மிதிக்கவேயில்லை. பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கோ அந்த வாத்தியார் கிடைக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒருவனுக்கு எழுத்து, மற்றவனுக்குக் குரல்.

பிரிவுக்கு ஏளனமும் ஒரு காரணம். 'கூத்தாடி' என்பது நம் வீடுகளில் வசைச்சொல். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றினார். பின்னாளில் நீதிபதியாக இருந்த அவரே வேஷமிட்டு நடித்தார். படித்த குடும்பத்தார் நாடகத்தைக் கண்டு முகம் சுளிப்பது அதனால் ஓரளவு குறைந்தது. எனினும் ஏளனம் குறைந்தது அமெச்சூர் கனவானுக்கேயன்றி, வயிற்றுப்பாட்டுக்கு நடித்தவனுக்கல்ல. விசுவநாத தாஸின் சரித்திரத்தை நாம் மறக்கலாகாது. மேடையில் தேசிய கீதங்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர்; 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு சென்னையில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் நீத்தவர். அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடகக்காரனைக் கண்டு பயந்தது. அவனைக் கொண்டு சுதந்திர வேட்கையை வளர்த்துக்கொண்ட நாமோ, சுதந்திரம் வந்தபின் அவனைப் பள்ளிக்கூடத்துக்குள் விட மறந்துவிட்டோம்.

சரி, நாடகக் கலைஞர் வகுப்புக்குள் வந்து என்ன செய்வார்? ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் தயாரித்துக் கொடுப்பார் என்று சிலர் பதில் சொல்லுவார்கள். அதுவே தவறான தொடக்கம். விழாவுக்கென்று வந்தால், உரத்த குரலும் நல்ல முகமும் உள்ள எட்டுப் பேரைப் பொறுக்கிக்கொண்டு மற்ற முப்பது பேரைக் கைதட்ட உட்கார வைத்துவிடுவார். நாம் வேண்டுவது அந்த முப்பது பேருக்கான நாடகம். மேடை, திரை, வேஷம், பார்வையாளர் ஒன்றும் அதற்கு வேண்டாம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ள இடமும், நாற்பத்தைந்து நிமிஷமும், தொழில் தெரிந்த ஒரு மனிதரும் போதும்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி நம் சரித்திரப் புத்தகத்தில் உண்டு. மாணாக்கன் மனப்பாடம் செய்வது என்ன? காரணங்கள்: புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி அழிப்பு, தாடி மழிப்பு. நாள்: ஜூலை 10. விளைவு: அடக்கப்பட்டது. மூன்று வரி. பரீட்சைக்கு அது போதும்.

இப்போது நாடகக்காரர் வருகிறார். ஒரு சொல்லும் பேசாமல் தோல் சூட்டிய ஒரு தொப்பியை மேஜைமேல் வைக்கிறார். நிமிர்ந்து பார்க்கும்போது அவர் மாணாக்கருக்குத் தெரிந்த மனிதரல்லர், ஹவில்தார். "நாளைக்கு அணிவகுப்பு. இதை எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டு வரவேண்டும். நெற்றியில் ஒன்றும் இருக்கக்கூடாது" என்கிறார். வகுப்பு முதலில் சிரிக்கும்; சிரிக்கட்டும். அவர் சிரிக்கமாட்டார். வைத்துக்கொள்ளுகிறவன் இந்தப் பக்கம், மறுக்கிறவன் அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்துவார். பையன்கள் வீராவேசமாக மறுக்கும் பக்கம் ஓடுவார்கள். அப்போது அந்த வருஷம் மே மாதத்தில் வேலூரில் நடந்ததைச் சொல்லுவார். தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களில் இருவருக்குத் தலைக்குத் தொளாயிரம் கசையடி. மேலும் பத்தொன்பது பேருக்கு ஐந்நூறு அடி விதித்து, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். "இப்போது சொல், நீ எந்தப் பக்கம்? ஊரில் உன் சம்பளத்தை எதிர்பார்த்து எத்தனை பேர்?" இங்கே வகுப்பு அமைதியாகும். இந்த அமைதியை உண்டாக்குவதற்குத்தான் தொழில் தெரிந்தவர் வேண்டும் என்கிறோம். அதைக் குச்சியால் உண்டாக்க முடியாது.

அதற்கு மேலும் போகலாம். முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதத்திலேயே தன் வெள்ளைக்காரக் கர்னலிடம் சதி நடப்பதாகச் சொன்னான். விசாரிக்கச் சொல்லப்பட்ட இந்திய அதிகாரிகள் அவனைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவைத்தார்கள். கலவரம் அடங்கிய பிறகு அவனுக்குச் சன்மானம் கிடைத்தது. வகுப்பின் நடுவே ஒரு நாற்காலி போட்டு, ஒரு பையனை முஸ்தபா பேக்காக உட்கார வைத்து, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். ஏன் சொன்னாய்? யாருக்குப் பயந்தாய்? யாரைக் காப்பாற்ற நினைத்தாய்? துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போக வந்த பதினான்கு வயதுப் பையன், அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, பதில் தேடித் தடுமாறுவான். தேசபக்தியைக் கோஷமாகக் கற்றவனுக்கும் இப்படித் தடுமாறிக் கற்றவனுக்கும் வித்தியாசம் இருக்கும் என்று நாம் நம்புகிறோம். அரசியல் வேலை செய்யும் அன்பர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் கைதட்டி, மறுநாள் காணாமற்போகும் ஆட்களை அவர்கள் நன்றாக அறிவார்கள்.

மணி அடித்ததும் நாடகக்காரரின் வேலை நிற்க வேண்டும். அப்போது சரித்திர ஆசிரியர் எழுந்து, இன்று பேசியவற்றில் ஆதாரமுள்ளது எது, நாமாகக் கற்பனை செய்தது எது என்று பிரித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் சரித்திரம் கட்டுக்கதையாகிவிடும். ஆகவே இரண்டு வாத்தியார்களும் ஒரே அறையில் இருக்கவேண்டும். ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர் வரும் ஏற்பாடு அல்ல.

பாடத்துக்குள் ஆசிரியரே வேஷமேற்று நுழையும் இம்முறையைப் பிரசித்தமாக்கியவர் இங்கிலாந்தில் டாரதி ஹீத்கோட் என்ற அம்மையார். நம்மவர்கள் மேல்நாட்டுப் பெயரைக் கேட்டால்தான் நம்புவார்கள் என்பதால் சொல்லுகிறோம். ஆனால் நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதென்ன? ராஜா திரைக்குப் பின்னிருந்து வெளிவருமுன்பே, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கிறவன் அவன். ராஜா பெருமை பேசினால் இடக்காக ஒரு கேள்வி போட்டு, சபையோருக்காகப் பொருளை உடைத்துக் கொடுக்கிறவன் அவன். கதைக்குள்ளும் இருக்கிறான், வெளியிலும் நிற்கிறான். நல்ல உபாத்தியாயனுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரியை நாம் அறியோம். கட்டியக்காரன் வேஷம் கட்டிப் பழகிய ஒருவரிடம் நாற்பது பிள்ளைகளைக் கொடுத்துப் பார்த்தால், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி சில சங்கதிகளை அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்நாட்டு அனுபவம் வேறொரு வகையிலும் நமக்குப் பாடம். 1965-இல் கவென்ட்ரி நகரத்து பெல்கிரேட் நாடகசாலையார், நடிகரும் ஆசிரியருமாக ஒருங்கே வேலை செய்யக்கூடிய ஒரு குழுவைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அது பல நகரங்களுக்குப் பரவியது. நாடகசாலையும் நகரசபையும் பள்ளியும் சேர்ந்து சுமந்தவரையில் அது நடந்தது. 1988-இல் புதிய கல்விச் சட்டம் வந்தது. அதன்கீழ் வகுத்த தேசியப் பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடமாக இடம்பெறவில்லை. ஆங்கிலப் பாடத்தின் ஒரு மூலையில் ஒதுங்கியது. பணம் பள்ளிகளின் கைக்குப் போயிற்று. பள்ளிகள் வேறு செலவுகளைப் பார்த்தன. பல குழுக்கள் கலைந்தன. ஆர்வத்தால் முளைத்தது அட்டவணையில் இடமில்லாததால் வாடியது என்று இதை நாம் படித்துக்கொள்ளுகிறோம்.

கடல் கடந்தும் போகவேண்டாம். பாக் ஜலசந்தியைத் தாண்டினால் போதும். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' என்பது பள்ளிப் பாடம். மாணாக்கர் அதை எடுத்துப் படித்து, சாதாரண தரப் பரீட்சையிலும் உயர்தரப் பரீட்சையிலும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னோடியாக நடந்த ஒன்று நமக்கு அதிக முக்கியம். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன், கிராமத்து வட்டக்களரியில் ஆடப்பட்டுவந்த கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-இல் 'கர்ணன் போர்', 1964-இல் 'இராவணேசன்'. அவர் புத்தகத்தைப் பார்த்துக் கூத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கூப்பிட்டுப் பட்டதாரி வகுப்பு மாணாக்கருக்கு ஆட்டமும் தாளமும் பழக்கச் சொன்னார். அன்று மாணவராக ஆடிய மௌனகுரு பிற்காலத்தில் அக்கலையை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்று, பேராசிரியரும் ஆனார். அண்ணாவியார் கையில் பட்டமில்லை என்பதற்காக அன்று பேராதனை வாசலை மூடியிருந்தால், அந்தப் பரம்பரை முழுவதும் வந்திராது. யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த குழந்தை ம. சண்முகலிங்கம், நாடக அரங்கக் கல்லூரி வழியாகவும் சிறுவர் நாடகங்கள் வழியாகவும் பிள்ளைகளிடம் செய்த வேலையை அங்குள்ளவர் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். பாடமாக்கியதில் ஒரு கெடுதியும் உண்டு: பரீட்சை வந்தவுடன் குறிப்பெடுத்து நெட்டுருப் போடும் பழக்கமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாடகத்துக்கு வகுப்பு வேண்டும். குறைந்தபட்சம் பத்தாம் வகுப்பு வரையில் எழுத்துப் பரீட்சை வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

கர்நாடகத்தில் 1949-இல் ஹெக்கோடு என்ற சிற்றூரில் தோன்றிய நீநாசம் 1980-இல் ஒரு நாடகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. அம்மாகாணத்தில் நாடகப் பயிற்சி பெற்றவர்களை அரசு ஹைஸ்கூல்களில் நாடக ஆசிரியராக நியமித்ததும் உண்டு. டில்லி தேசிய நாடகப் பள்ளி 1989-இலிருந்து கல்வி நாடகத்துக்கென்றே ஒரு தனிக் குழு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆட்கள் இல்லையா? 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாமிலிருந்து ஒரு தலைமுறை கிளம்பியது. அதே ஆண்டில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்று வெளிவருகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். புதுவையில் வேலு சரவணன் போன்றோர் குழந்தைகளுக்கென்றே நாடகம் நடத்தி வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். புரிசை முதலிய ஊர்களில் பரம்பரைக் கூத்தர்கள் இருக்கிறார்கள். நாடகம் படித்துப் பட்டம் வாங்கியவர்களில் எத்தனையோ பேர் சினிமாக் கம்பெனி வாசலில் நிற்கிறார்கள் என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஆள் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு உத்தியோகப் பெயர்தான் இல்லை.

2012-இல் தமிழ்நாட்டு சர்க்கார் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், தேகப்பயிற்சி, கணினி, தோட்டக்கலை, கட்டடக்கலைக்குக் கூட இடமிருந்தது. முத்தமிழில் மூன்றாவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நியமனம் பெற்றவர்களின் கதையோ அதைவிட வருந்தத்தக்கது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். பின்னர் அத்தொகை சிறிது சிறிதாக உயர்ந்தபோதிலும், நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். நாடக வாத்தியாரையும் இந்தப் பாதையிலேயே கொண்டுபோய் விடுவதானால், அழைக்காமலிருப்பதே மேல்.

2022-ஆம் ஆண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடந்து வந்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் மாநில மேடை வரையில் ஏறி, 'கலையரசன்', 'கலையரசி' என்று பட்டம் வாங்கியதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் போட்டி என்பது அறுவடை, விதைப்பு எங்கே? பள்ளியில் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத கலையில் போட்டி வைத்தால், வீட்டில் வசதியிருந்து தனியாகக் கற்றவனும், பிறவியிலேயே துடிப்புள்ளவனும் வெல்லுவார்கள். பேச்சுத் திக்குகிறவன், வகுப்பில் எழுந்து நிற்கவே கூசுகிறவள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை கவிழ்கிறவன் ஆகியோருக்கு அவ்விழாவில் வேலையில்லை. நாடக வகுப்பு வேண்டுவது முதலில் அவர்களுக்கே.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்பு வரையில் கலைகளைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று சொல்லிற்று. நாடகமும் அதில் அடங்கும். மத்திய சர்க்காரின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் உள்ளூர்க் கலைஞரைப் பள்ளிக்கு அழைக்கலாம் என்கிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு எதிர்த்து வந்திருக்கிறது. அந்த வழக்கில் நாம் இங்கே நுழையவில்லை. எவர் எழுதிய காகிதத்திலும் கலைஞருக்கு இடமிருக்கிறது, எவர் நடத்தும் பள்ளியிலும் இல்லை என்பதை மாத்திரம் குறித்துக்கொள்கிறோம்.

சர்ட்டிபிகேட் தடை பெரிய தடை. ஆசிரியராக நியமிக்கப் பட்டமும் பயிற்சியும் தகுதித் தேர்வும் கேட்கிறார்கள். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கேட்கட்டும். பத்து வயதிலேயே கூத்தில் இறங்கியவரிடம் போய்ப் பத்தாம் வகுப்புச் சான்று எங்கே என்று கேட்பது, குயவனிடம் மண்ணைப் பற்றி வியாசம் எழுதச் சொல்லுவதற்குச் சமம். இவர்களுக்குத் தனி வகை வேண்டும். அதற்காக வந்தவரையெல்லாம் உள்ளே விடச் சொல்லவில்லை. நன்றாக நடிக்கிறவர் எல்லாரும் நன்றாகக் கற்பிப்பவராகி விடமாட்டார்; மேடையில் தான் ஒளிரவேண்டும் என்றிருப்பவர், வகுப்பிலும் தாமே ஒளிர்ந்துவிட்டுப் போய்விடுவார். பாய்ஸ் கம்பெனிப் பிரம்பையும் கூடவே எடுத்துவருகிறவரும் இருக்கக்கூடும். ஆகவே கோடை விடுமுறையில் ஒரு மாதம் பயிற்சி, பிள்ளைகளோடு வேலை செய்யும்போது ஒரு பரிசீலனை, பிறகே நியமனம் என்று வைக்கலாம். வகுப்பில் பள்ளி ஆசிரியர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்று முன்பே சொன்னோம். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதியும் அது அவசியம். பெண் கலைஞர்களை முதலில் தேடி நியமிப்பது நல்லது. கூத்தில் நெடுங்காலம் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள். பெண்பிள்ளைகள் வகுப்பில் அந்த வழக்கம் தொடர வேண்டியதில்லை.

மற்றோர் எளிய உண்மையை அதிகாரிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. கூத்தருக்குத் தொழில் கோடையில். பாரதம் நடக்கும் ஊர்களில் அவர்கள் இரவு பகல் அறியார். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கூத்து நின்றுவிடும். கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்டிக்குள் போகும். கூத்தர் கூலி வேலைக்கோ, கடன்காரனிடமோ போவார். பள்ளிக்கூடங்களோ கோடையில் மூடியிருந்து, மழை மாதங்களில் முழு மூச்சாக நடக்கின்றன. அவருடைய ஓய்வு நமது பருவம். இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கக் கமிட்டி எதுவும் தேவையில்லை. ஒரு பஞ்சாங்கமும் ஒரு பள்ளி நாட்காட்டியும் இருந்தால் போதும்.

பரீட்சைத் தேர்ச்சி குறைந்துவிடும் என்று தலைமையாசிரியர்கள் சொல்லுவார்கள். பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு, எட்டிலும் ஒன்பதிலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறோம். இப்போது அவ்வகுப்புகளில் ஆசிரியர் வராத மணிகளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். பக்கத்து வகுப்புக்குச் சப்தம் கேட்கும் என்பார்கள். கேட்கும்தான். அதற்கு மரத்தடி இருக்கிறது.

மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. கூத்து இன்னும் உயிரோடிருக்கும் வட ஜில்லாக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஐம்பது ஹைஸ்கூல்களில் வருகிற ஜூன் மாதம் தொடங்கட்டும். பரம்பரைக் கூத்தர் பாதி, நாடகம் படித்த இளைஞரும் பெண்களும் பாதி. சம்பளம் பள்ளியில் இசை ஆசிரியருக்குக் கொடுப்பதற்குக் குறையாமல், மாதம் தவறாமல். ஆஜர்ப் பட்டியலில் அவர்களுடைய பெயரும் மற்ற ஆசிரியர் பெயர்களோடு வரிசையில் எழுதப்படவேண்டும். ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியும் போடவேண்டும். பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முதியவருக்கு அன்றே வயது எழுபதுக்கு மேல். அவர் பாட்டையும் அடவையும் கற்றுக்கொண்ட சிஷ்யன் ஒருவனே இருப்பதாகவும், அவனும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகவும் அன்று நம்மிடம் சொன்னார்.